கண்டக்டரம்மா எதைப் பிடித்து நின்றாள்

அறுபத்தெட்டாவது வயதில் கண்டக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஓடுகிற பஸ்ஸில் முப்பத்தொரு வருஷம் கம்பியைத் தொடாமல் நின்றவள், சும்மா கிடக்கிற வீட்டுத் தரையில் ஏன் தள்ளாட வேண்டும்?

சந்தேகம் நியாயமானதுதான். பதினேழாம் நம்பர் பஸ்ஸில் அவள் நின்ற நிற்பைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு கையில் டிக்கெட் கட்டு, இன்னொரு கை பைக்குள், வாயில் விசில். வளைவில் டிரைவர் வண்டியை ஒரு ஒடி ஒடிப்பார். பயணிகள் ஒருவர் மேல் ஒருவர் சரிவார்கள். கண்டக்டரம்மா மட்டும் ஆணி அடித்த மாதிரி நிற்பாள். கம்பியைப் பிடிக்கிற கண்டக்டர் டிக்கெட்டை எந்தக் கையால் கிழிப்பார் என்று கேட்பாள். அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. கொஞ்சம் என்ன, ஏகத்துக்கும் இருந்தது.

அந்தக் கர்வம் டிப்போவோடு நிற்கவில்லை, வீட்டுக்கும் வந்தது. கணவர் சீக்கிரமே போய்விட்டார். இருந்தது ஒரே மகள். அவள் பரீட்சையில் கோட்டை விட்டாலும், முதல் வேலைக்குப் போன இடத்தில் ஹாஸ்டலிலிருந்து போன் போட்டு அழுதாலும், அம்மாவிடம் இருந்தது ஒரே மருந்துதான்: "நான் பஸ்ல எதைப் பிடிச்சுட்டு நின்னேன்? நில்லுடி." மகளும் நின்றாள். இப்போது ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு பெரிய ஆபீஸை நிர்வாகம் பண்ணிக்கொண்டு நிற்கிறாள்.

கதை அதுவல்ல. கதை கழுத்தில் இருக்கிறது.

டாக்டர் அவள் கழுத்தின் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். "கழுத்து எலும்புங்க தேஞ்சிருக்கும்மா. நடுவுல இருக்கிற வட்டுங்க சப்பையாயிடுச்சு. தண்டுவடம் போற வழி குறுகிப் போச்சு. அதனால கால் சொல்ற சேதி தலைக்குப் போய்ச் சேர லேட்டாகுது."

"லேட்டுன்னா எவ்வளவு?" என்றாள் கண்டக்டரம்மா.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இருபது வருஷ அனுபவத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "கண் இமைக்கிறதைவிடக் கம்மிதான்."

"அதுக்குள்ள ஒரு ஆள் விழுந்துட முடியுமா?"

"முடியும். கண்ணு முழிச்சிருக்கிற வரைக்கும் அது பார்த்து ஓரளவு சமாளிச்சுக்கும். கண்ணை மூடினா நல்லாவே வெளியே தெரியும். எங்கே, காலைச் சேர்த்து நின்னு கண்ணை மூடுங்க பார்க்கலாம்."

மூடினாள். யாரோ அறையையே ஒரு ஒடி ஒடித்தார்கள். டாக்டர் தோளைப் பிடித்துக்கொண்டிராவிட்டால் மேசை மேல் போயிருப்பாள். ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கலாம், பட்டன் போட விரல் தடுமாறினாலோ கால் கனத்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வர வேண்டும் என்றார். கடைசியில், "கைத்தடி ஒண்ணு வெச்சுக்குங்க" என்றார்.

கூட வந்திருந்த மகள் அன்றைக்கே வாங்கி வந்துவிட்டாள். தடி பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றது.

"அம்மா, கைத்தடியை எடுக்க மாட்டேன்கிறே. சரி. ஆனா ஒரே ஒரு தடவை நீ விழுந்தேன்னு தெரிஞ்சுது, இந்த வீட்டைப் பூட்டிச் சாவியை நான் எடுத்துப்பேன். நீ என்கூட வர்றே. அடுத்த மாசம் முதல் ஞாயித்துக்கிழமை வந்து பார்ப்பேன்."

"சரி பார்க்கலாம் போடி" என்று வாய் சொல்லிவிட்டது. மனசு ஒப்பவில்லை. மகள் வீடு பன்னிரண்டாவது மாடியில். ஜன்னலைத் திறந்தால் ஆகாயம், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கே இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து பஸ் ஸ்டாப் தெரியும். எட்டு ஐந்துக்கு வர வேண்டிய பதினேழு எட்டு பதினொன்றுக்கு வந்தால், "எங்கேடா போயிருந்தே?" என்று இங்கிருந்தே கேட்கலாம். அவளுக்கு இந்த வீடு வேண்டும். இந்த ஜன்னல் வேண்டும். விழக் கூடாது, அவ்வளவுதான்.

ஏன் தள்ளாடுகிறோம் என்று தெரியாமல் விழாமல் இருப்பது எப்படி? பழைய ட்ரிப் ஷீட் கட்டு ஒன்று அலமாரியில் கிடந்தது. பஸ்ஸில் எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று எழுதுகிற தாள். அதன் பின்பக்கத்தில் வீட்டை ஸ்டேஜ் ஸ்டேஜாகப் பிரித்தாள். கட்டில், கூடம், சமையலறை, குளியலறை, வாசல். எந்த ஸ்டேஜில், எந்த நேரத்தில், எந்தப் பக்கம் தள்ளாடினாள் என்று அன்றன்றைக்கே எழுதினாள். தப்புக் கணக்கு எழுதுகிற பழக்கம் அவளுக்குச் சர்வீஸிலேயே இருந்ததில்லை.

பத்து நாளில் ஷீட் ஒரு விஷயம் சொன்னது. கூடத்தில் ஏழு தள்ளாட்டம். குளியலறையில் நாலு, அதுவும் முகத்தில் சோப்புப் போட்டுக் கண்ணை மூடும்போது. எல்லாமே இடது பக்கம். சமையலறையில்? பூஜ்யம்!

அடேயப்பா, அதெப்படி? அடுப்பு, கொதிக்கிற பாத்திரம், ஈரக் கை, வழுக்க எல்லா வசதியும் அங்கேதான் இருக்கிறது. ஒரு நாளில் அரைவாசி நேரம் நிற்பதும் அங்கேதான். செருப்பை மாற்றிப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். மாத்திரையை முன்னே பின்னே போட்டுப் பார்த்தாள். சமையலறை சமையலறையாகவே இருந்தது, கூடம் கூடமாகவே இருந்தது. கடைசியில் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தபோது பிடிபட்டது. சமையலறையில் முரட்டு மிதியடி ஒன்று கிடக்கிறது, கூடத்தில் வழவழவென்று தரை. இதுதானா சங்கதி!

மிதியடியை இழுத்து வந்து கூடத்தின் நடுவில் போட்டாள். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு நடந்து பார்த்தாள். மூன்றாவது அடியில் அதன் ஓரம் கால் கட்டைவிரலில் மாட்டியது. அம்மாடி, விழுந்தாளே ஒரு விழு! முழங்கை தரையில் மோதிய சத்தம் கீழ்வீடு வரை கேட்டிருக்கும். யாரும் வரவில்லை, நல்லதாகப் போயிற்று. தரையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி மடக்கிப் பார்த்தாள். எலும்பு உடையவில்லை. நாற்காலிக் காலைப் பிடித்து மெல்ல எழுந்து, முதல் வேலையாக ஷீட்டில் எழுதினாள்: கூடம், பத்து நாற்பது, இடது, விழுந்தது ஒன்று.

எழுதிய பிறகுதான் உறைத்தது. இது மகள் கண்ணில் பட்டால் வீடு போச்சு. தாளைக் கிழித்துவிடலாம் என்று கை போனது. ட்ரிப் ஷீட்டைக் கிழித்த கண்டக்டர் என்று பெயர் எடுப்பதா? மடித்து டிராயருக்குள் தள்ளினாள்.

அடுத்த யோசனை இரண்டு நாள் கழித்துப் பிறந்தது. தன் உடம்புக்கு ஓடுகிற தரைதான் பழக்கம், நிற்கிற தரையில் நிற்க அதற்குத் தெரியவில்லை. ஓடுகிற தரையில் விட்டால் ஜம்மென்று நிற்கும். இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தாலும் கூடவே வருகிற ஒரே ஆளுக்குப் போன் போட்டாள்.

"டிரைவரே, நாளைக்கு மத்தியானம் வேலை ஏதாவது இருக்கா?"

"ரிட்டையர் ஆனவனுக்கு என்ன வேலை கண்டக்டர்? மூட்டுவலித் தைலம் தேய்க்கணும், அதைக் காலையிலயே தேய்ச்சுடுவேன்."

அவளோடு பத்தொன்பது வருஷம் பதினேழை ஓட்டியவர் அவர். ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. பெயர் இருக்கும் என்ற நினைப்பே இருவருக்கும் கிடையாது.

மறுநாள் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் பதினேழில் ஏறினார்கள். டிரைவர் பின்பக்க சீட்டு ஒன்றில் உட்கார்ந்தார். முன்னால் எவன் குறுக்கே வந்தாலும் அவருடைய வலது கால் தரையை மிதித்தது. கண்டக்டரம்மா தன் பழைய இடத்துக்குப் போனாள். பின்கதவிலிருந்து மூன்றாவது சீட்டின் பக்கத்தில், முன்னால் பார்த்து நின்றாள்.

இந்தக் காலத்துக் கண்டக்டர் ஒருவர் வந்தார். "பெரியம்மா, இவ்வளவு சீட்டு காலியா இருக்கே, உட்காருங்க."

"வேண்டாம்."

"அப்போ கம்பியையாவது பிடிங்க பெரியம்மா."

பெரியம்மாவாம், கம்பியாம்! அவள் பார்த்த பார்வையில் அவர் அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விட்டார்.

பஸ் கிளம்பியது. முதல் உலுக்கல் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. பாலத்தின் மேடு வந்தது, போனது. அந்த வளைவு வந்தது. வண்டி ஒடித்துத் திரும்பியது, முன்சீட்டுக்காரரின் பை உருண்டு ஓடியது, கண்டக்டரம்மா நின்றாள். நின்றாளே! கை இரண்டும் காற்றில்! டாக்டர் படமாவது மண்ணாங்கட்டியாவது! சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

"பார்த்தீங்களா டிரைவரே?"

டிரைவர் சிரித்துக்கொண்டிருந்தார். சந்தோஷச் சிரிப்பாகத் தெரியவில்லை, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சிரிப்பு.

"என்ன இளிப்பு?"

"நல்லா சாஞ்சிருக்கீங்க கண்டக்டர்."

"யாரு சாஞ்சிருக்கா?"

"நீங்கதான். இடுப்பைப் பாருங்க."

பார்த்தாள். அவளுடைய இடது இடுப்பு மூன்றாவது சீட்டின் மூலையில் பூப்போலப் பொருந்தியிருந்தது. அதை வைத்ததே அவளுக்குத் தெரியாது.

"இது... இப்போ வயசாயிடுச்சு, அதனால..."

"வயசாவது! என் தலைக்கு மேல பத்தொன்பது வருஷம் ஒரு கண்ணாடி இருந்துச்சே, எதுக்கு? படியில தொங்குறவனைப் பார்க்க, உங்க கையசைப்பைப் பார்க்க. ஒவ்வொரு சீட்டுக்கா இடுப்பைக் கொடுத்துக் கொடுத்துத்தான் முன்னாடி வருவீங்க. சீட்டு விட்டு சீட்டு. ஒரு நாள்கூட நடுவுல நின்னு நான் பார்த்ததில்லை."

"இதை ஏன்யா அப்பவே சொல்லலை?"

"சொன்னா நீங்க யோசிக்க ஆரம்பிப்பீங்க. யோசிச்சா விழுவீங்க. தெரியாம சாஞ்சுக்கிட்டு நல்லாத்தானே நின்னீங்க? அதை நான் ஏன் கெடுக்கணும்?"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இடுப்பை வெடுக்கென்று எடுத்து, இரண்டு சீட்டு வரிசைக்கும் நட்டநடுவில் போய் நின்றாள். ஸ்டாப் வந்ததால் பஸ் வேகம் குறைந்தது. அவ்வளவுதான். மொத்த உடம்பும் இடது பக்கம் போனது. டிரைவர் ஒரு பக்கமும், பெரியம்மா என்று அலறிக்கொண்டு அந்தக் கண்டக்டர் இன்னொரு பக்கமும் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. பிடித்தது அடிபட்ட முழங்கையை. வலி உயிர் போனது. சீட்டில் உட்கார்ந்தாள். இறங்கும் வரை அவள் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியின் அடித்தட்டைத் துழாவினாள். கடைசியாகப் போட்ட சீருடைக் கோட்டு கிடைத்தது. இடது இடுப்பில், உள்ளங்கை அகலத்துக்கு, மூன்று தரம் இழை ஓட்டித் தைத்த இடம். முப்பத்தொரு வருஷமும் எல்லாக் கோட்டும் அங்கேதான் முதலில் நைந்தது. "பை உரசுதுப்பா" என்று தையல்காரரிடம் சொல்வாள், அவரும் தைத்துக் கொடுப்பார். ஆனால் பை தொங்கியது வலது பக்கம். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் கேள்வி கேட்டுக் குடைகிறவள், இந்த ஒரு கேள்வியைத் தன்னிடம் கேட்கவே இல்லை. கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் தையலைத் தடவினாள். வெட்கமாக இருந்தது. எதையோ யாரிடமோ பறிகொடுத்த மாதிரி துக்கமாகவும் இருந்தது.

ஆனால் அவள் துக்கத்தில் நிலைக்கிற ஜாதி இல்லை. சமையலறை நினைவுக்கு வந்தது. ஒரு பக்கம் மேடை, ஒரு பக்கம் அலமாரி, நடுவில் ஆள் நுழைகிற சந்து. எங்கே திரும்பினாலும் இடுப்பில் ஏதோ ஒன்று படும்! மிதியடியாம் மிதியடி! தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அப்புறம் அடுத்த கேள்வி. எவ்வளவு சாய வேண்டும்? கண்ணைத் திறந்துகொண்டே, சுவர் மூலைக்கு முதுகைக் காட்டி அதில் படாமல் நின்று, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு சோதித்தாள். முழுக் கையையும் அழுத்திப் பார்த்தாள், ஆடவில்லை. நாலு விரல், ஆடவில்லை. இரண்டு விரல் நுனியை நாற்காலியின் முதுகுப்பலகையில் சும்மா வைத்தாள். பாரமே போடவில்லை, பட்டும் படாமலும்தான். அப்போதும் ஆடவில்லை! விரலை எடுத்தாள், ஆடினாள். வைத்தாள், நின்றாள். எடுத்தாள், வைத்தாள். எவ்வளவு நேரம் இந்த விளையாட்டு நடந்ததோ தெரியாது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தருகிற பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டபோது, "ஆமாம்மா, கால் சொல்லாததை விரல் சொல்லிடும். அதுக்குத்தானே கைத்தடி வெச்சுக்கச் சொன்னோம்" என்றாள் அவள். முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பாளா? மாட்டாள். அது வேறு விஷயம்.

மறுநாள் டிரைவர் வந்து நாற்காலிகளை நகர்த்திக் கொடுத்தார். மிதியடி குப்பைக்குப் போனது. கட்டிலிலிருந்து குளியலறை வரை நாலு நாற்காலி, தையல் மெஷின், செருப்பு அலமாரி என்று வரிசையாக, எல்லாம் இடுப்புயரம். முகம் கழுவக் குளியலறையில் ஒரு ஸ்டூல். வாசலுக்கு மட்டும் வைக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த ஆறடிக்காகக் கண்டக்டரம்மா கதவுக்குப் பின்னால் போய், பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள்.

முதல் ஞாயிறு வந்தது. மகளும் வந்தாள். கூடத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா இது? பஸ் மாதிரி இருக்கு!"

"உட்காரு. எந்த சீட்டு வேணும்?"

மகள் சிரிக்கவில்லை. வெயில் காலத்தில் முழுக்கை ரவிக்கை போட்டிருந்த அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "விழுந்தியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. டிராயரைத் திறந்து ஷீட்டை எடுத்து நீட்டினாள். மகளின் விரல் ஸ்டேஜ் ஸ்டேஜாக இறங்கி, ஒரு வரியில் நின்றது.

"பத்து நாற்பது. விழுந்தது ஒன்று." அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். "போன்ல தினம் பேசினேனேம்மா. ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னா பூட்டிடுவே."

மகள் எழுந்து சுவர் ஆணியில் தொங்கிய வீட்டுச் சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த பக்கத்தையும் பார்த்துட்டு எடுத்துட்டுப் போ" என்றாள் கண்டக்டரம்மா.

அடுத்த பக்கத்தில் பதினோரு நாள். பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். கடைசி வரை பூஜ்யம்.

"எப்படி?"

கண்டக்டரம்மா கோட்டைக் கொண்டு வந்து மகளின் மடியில் போட்டாள். நைந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். "நான் பிடிக்காம நிக்கலைடி. சாஞ்சுக்கிட்டுத்தான் நின்னேன். முப்பத்தொரு வருஷமும். எனக்கே இப்பதான் தெரியும்."

மகள் அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டரம்மா சிரிப்பை எதிர்பார்த்தாள். வந்தது கோபம்.

"ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணி அழுதேனே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு என்ன சொன்னே நீ?"

கண்டக்டரம்மா கோட்டிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"அதோட அழறதை நிறுத்தினவம்மா நான். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் போய் அழுததில்லை."

"மாப்பிள்ளைகிட்டகூடவா?"

"அவர்கிட்டயும்தான். போன வருஷம் ஆபீஸ்ல பெரிய பிரச்சினை. மூணு மாசம் தூக்கமே இல்லை. யாருக்குத் தெரியும் அது? எங்கம்மா எதையும் பிடிக்காம நின்னவளாச்சேன்னு..." மேலே பேச முடியாமல் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கண்டக்டரம்மா ஆடிப்போய்விட்டாள். கழுத்து எலும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. "தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்டி" என்றாள். பிறகு, பொய் எழுதிப் பழக்கமில்லாததால், "சொல்லியிருப்பேனான்னு தெரியலை. அவ்வளவு திமிரு எனக்கு" என்றாள். மகள் அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். ஐம்பதை நெருங்குகிற பெண், மூக்கு ஒழுக, சீருடைக் கோட்டில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் மகள் கட்டிலோரம் போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். இடது கையால் தொட்டுத் தொட்டுக் குளியலறை வரை நடந்தாள். திரும்பி வரும்போது பாதியில் நின்று, "மூணாவது சீட்டுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவுல இடைவெளி அதிகம்மா" என்று சொல்லி நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினாள். குளியலறைச் சுவரில் கைப்பிடி அடிக்க ஆள் அனுப்புவதாகவும், தினம் ராத்திரி போனில் ஷீட்டைப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் சொன்னாள். சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள்.

"ஷீட்டை நான் படிக்கிறேன்" என்றாள் கண்டக்டரம்மா. "நீயும் அன்னைக்கு என்ன ஆச்சுன்னு சொல்லணும். பூஜ்யம்னு பொய் சொல்லக் கூடாது."

மாலை ரயிலுக்கு மகள் கிளம்பினாள். கண்டக்டரம்மா தடியை எடுத்துக்கொண்டு படிக்கட்டு ஆரம்பம் வரை கூடவே வந்தாள். அங்கே வெளிச்சம் போதவில்லை. கைப்பிடிச் சுவர் எதிர்ப்பக்கம் இருந்தது. தடியை ஒரு கையில் ஊன்றிக்கொண்டு, மற்றக் கையின் இரண்டு விரலை மகளின் தோளில் வைத்தாள்.

"நான் ஒண்ணும் பிடிச்சுக்கலை" என்றாள். "சும்மா தொட்டுக்கிட்டு இருக்கேன்."

"தெரியும்மா" என்றாள் மகள். ரயிலுக்கு நேரமாகியும் அவள் படியில் கால் வைக்கவில்லை. "எடுக்காதே. கொஞ்ச நேரம் அப்படியே இரு."